கண்ணுக்குப் புலப்படாத வெடிப்பு

சூரிய மின்கலமாக மாறும் சிலிக்கன் தகடு 0.2 மில்லிமீற்றரிலும் மெல்லியது. உற்பத்தியின்போது அதில் ஏற்படும் நுண்வெடிப்பு வெறுங்கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆயினும், தொடராக இணைக்கப்பட்ட கலங்களுள் ஒன்று பழுதுற்றால் ஏனையவற்றின் மின்னோட்டமும் தடைப்படலாம்; பழுதுற்ற கலம் சூடேறிக் கருகவும் கூடும்.

இதனைக் கண்டறியக் கலத்தின் தொழிலையே தலைகீழாக்குகின்றனர். இருளில் மின்னைச் செலுத்தினால் கலம் செங்கீழ்க் கதிர்களை உமிழும். கமராப் படத்தில் வெடிப்புள்ள இடம் கருமையாகத் தெரியும். 2005இல் ஜப்பானின் நாரா விஞ்ஞான தொழில்நுட்ப நிறுவக ஆய்வாளர்கள் இத்தகைய படப்பிடிப்பை வெளியிட்டனர். 2006இல் அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தார், மின்னிணைப்பின்றி ஒளியைப் பாய்ச்சியே அக்கதிர்களைப் பெற்றனர். அதனால் கலமாகாத வெறுந்தகட்டையும் சோதிக்க முடிகிறது.

கால் நூற்றாண்டு உழைக்க வேண்டிய கலத்தின் ஆயுள், அது கூரையேறு முன் நடைபெறும் இச்சோதனையிலும் தங்கியுள்ளது.