தைராய்டு மாத்திரையும் குழந்தையின் தோலும்

தைராய்டு சுரப்பு குறைந்த குழந்தைக்கு லெவோதைராக்சின் தருகிறார்கள். சுரப்பு மிகுந்த குழந்தைக்கு கார்பிமசோல் அல்லது மெத்திமசோல். வீட்டில் இரண்டுக்குமே ‘தைராய்டு மாத்திரை’ என்றுதான் பெயர். தோலைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றல்ல.

உடலே சுரக்கும் தைராக்சினும் லெவோதைராக்சினும் வேதியியலில் ஒன்றே. அதனால் மருந்தே ஒவ்வாமல் போவது மிக அரிது. தடிப்பு வந்தால் மாத்திரையில் கலந்திருக்கும் நிறமி, பிசின் போன்றவற்றின் மேல்தான் முதலில் சந்தேகம் எழும். அமெரிக்காவில் விற்கும் சின்த்ராய்டு என்ற லெவோதைராக்சின் மாத்திரைகளில் 50 மைக்ரோகிராம் மாத்திரைக்கு மட்டும் நிறமி கிடையாது. நிறமி ஒவ்வாதவர்களுக்கு அதையே தேவையான அளவுக்குக் கணக்கிட்டுக் கொடுப்பது அங்கே வழக்கம். சில நேரம் மாத்திரை வீண்பழி சுமக்கிறது: தைராய்டை உடலே தாக்கும் ஹாஷிமோட்டோ நோய் உள்ளவர்களுக்குக் காணாக்கடி தானாகவே வரக்கூடும். தோல் வறட்சியும் பெரும்பாலும் சுரப்புக் குறைவின் அடையாளமே. பிறவியிலேயே தைராய்டு சுரப்பு குறைந்த குழந்தைக்கு முதல் மூன்று ஆண்டுகளின் மூளை வளர்ச்சி இந்த மருந்தை நம்பியிருக்கிறது. அரிப்புக்குப் பயந்து பெற்றோரே அதை நிறுத்துவது அரிப்பைவிடப் பெரிய ஆபத்து.

உண்மையில் தோலைப் படுத்துவது கார்பிமசோல், மெத்திமசோல் வகைதான். சுரப்பை மிகுவிக்கும் கிரேவ்ஸ் நோய்க்கு இதைத் தொடங்கிய முதல் சில வாரங்களில் அரிப்பும் சிவந்த தடிப்பும் வருவது அபூர்வமல்ல. லேசானதாக இருந்தால் அரிப்பை அடக்கும் மருந்து கொடுத்து, மருத்துவர் மேற்பார்வையில் சிகிச்சையைத் தொடர்வதுண்டு. கார்பிமசோல் உடலுக்குள் மெத்திமசோலாகத்தான் மாறுகிறது. ஆகவே ஒன்றை விட்டு மற்றதற்குத் தாவுவதில் பலனில்லை. பெரியவர்களுக்கு மாற்றாகத் தரப்படும் புரோபைல்தையோயூராசில் கல்லீரலைக் கடுமையாகத் தாக்கக்கூடியது என 2010இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. குழந்தைகளுக்கு அது ஏறக்குறைய கைவிடப்பட்டுவிட்டது. மருந்து ஒத்துவராத குழந்தைக்கு அறுவை சிகிச்சையோ, வயதைப் பொறுத்துக் கதிரியக்க அயோடினோதான் மிஞ்சும்.

கொப்புளம், வாயிலும் கண்ணிலும் புண், அழுத்தினாலும் மறையாத ஊதாப் புள்ளிகள் ஆகியவை சாதாரணத் தடிப்பில் சேரா. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தோலில் எதுவும் இல்லாவிட்டாலும் காய்ச்சலும் தொண்டை வலியும் சேர்ந்து வந்தால் அடுத்த வேளை கார்பிமசோல் அல்லது மெத்திமசோல் மாத்திரையைக் கொடுக்காமல், அன்றே ரத்தத்தில் வெள்ளை அணுக்களை எண்ணிப் பார்க்க வேண்டும். அவை அடியோடு சரிவது அரிது. சரிந்தால் பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களில். அப்படிச் சரிந்த குழந்தைக்கு இந்த வகை மருந்தை மறுபடி கொடுப்பதில்லை.