கணிப்பொறித் துணைக்கருவிகளின் துயில்

கணிப்பொறியுடன் இணைக்கப்பெறும் விசைப்பலகை, சுட்டெலி முதலிய கருவிகள் பெரும்பொழுது வேலையின்றி இருப்பவை. எழுதுபவர் சிந்தனையில் ஆழ்ந்திருக்கும் வேளையிலும் அவை மின்சாரத்தை உண்டுகொண்டே இருக்கின்றன. பாட்டரியால் இயங்கும் மடிக்கணினிக்கு இது வீண் செலவாகும். இச்செலவைக் குறைக்கும் வழி, 1996-ஆம் ஆண்டில் வெளியான யு.எஸ்.பி. இணைப்பு விதிகளிலேயே வகுக்கப்பட்டிருக்கிறது.

2000-ஆம் ஆண்டில் வந்த இரண்டாம் பதிப்பை எடுத்துக்கொள்வோம். கணிப்பொறி தன் கருவிகளுக்கு இடைவிடாமல் சைகைகளை அனுப்பிக்கொண்டிருக்கும். 3 மில்லி வினாடி வரை சைகை எதுவும் வராதிருப்பின் கருவி தானாகவே துயில்நிலையை அடையத் தொடங்க வேண்டும். விழித்திருக்கையில் 5 வோல்ட் அழுத்தத்தில் 500 மில்லி ஆம்பியர் வரை பெறக்கூடிய கருவி, துயிலும்போது 2.5 மில்லி ஆம்பியருக்கு மேல் பெறலாகாது. அதாவது இருநூற்றில் ஒரு பங்கே.

கருவியில் மிஞ்சும் மின்சாரம் மட்டுமே ஆதாயம் எனக் கருதலாகாது. பழைய வகைக் கணிப்பொறிகள் சிலவற்றில், ஒரு கருவி விழித்திருந்தால் அதன் கட்டுப்பாட்டுச் சில்லு மில்லி வினாடிதோறும் நினைவகத்தைப் படித்தவண்ணம் இருக்கும். அதனால் மையச் செயலியும் ஆழ்ந்து ஓய்வுகொள்ள இயலாது. ஓர் எலி வீட்டார் அனைவரையும் உறங்கவிடாமற் செய்வது போன்றதே இது!

துயிலச் செய்வது எளிது; எழுப்புவதிலேதான் தொல்லை. கருவியே கணிப்பொறிக்கு விழிப்புச் சைகை தர விதிகளில் இடமுண்டு. ஆயினும், இணைப்பை மீட்கும் சைகை மட்டுமே 20 மில்லி வினாடியேனும் நீடிக்க வேண்டும். இதற்கிடையில் அழுத்திய முதல் எழுத்தைச் சில விசைப்பலகைகள் தொலைத்துவிடுகின்றன. கடவுச்சொல்லைத் தட்டுபவருக்கு இதன் விளைவு நன்கு விளங்கும். ஒளியால் அசைவை அறியும் சுட்டெலிகள் பல, துயிலில் தம் விளக்கை அணைத்துவிடுவதால், பொத்தானை அழுத்தினாலன்றி விழிப்பதில்லை. கழற்றி மீண்டும் செருகும்வரை எழாத கருவிகளும் உண்டு.

ஆகவேதான் லினக்ஸ் இயக்க அமைப்பு, கருவி 2 வினாடி சும்மா இருந்தால் துயிலச் செய்யும் ஏற்பாட்டைக் கொண்டிருந்தும், பல இணைப்புகளைப் பிரித்துத் தரும் ஹப்புகளுக்கே அதனைப் பொதுவாகத் தானாக அனுமதிக்கிறது. ஏனையவற்றுக்குப் பயன்படுத்துவோரின் இசைவு வேண்டும். இந்த எச்சரிக்கை மிகையன்று. விண்டோஸிலும், 2001-இல் வந்த எக்ஸ்பி முதல், ஒவ்வொரு கருவியையும் தனித்தனியே துயிலச் செய்யும் வசதி உண்டு. சுட்டெலி அடிக்கடி மரத்துப்போவதாகத் தோன்றினால், புதியது வாங்குமுன் இவ்வசதியை நிறுத்திப் பார்த்தல் நன்று.