தெரியாத எண் எல்லாம் தொல்லை அல்ல

கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பரில் திறக்கப்பட்ட பிறகு, தாம்பரம் வட்டாரத்தில் செல்பேசி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வாசகம் மனப்பாடமாகிவிட்டது: "சார், பஸ் ஸ்டாண்டிலிருந்து பத்தே நிமிஷம், பிளாட் பார்க்க வண்டி அனுப்பட்டுமா?" ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, படப்பை என்று ஊர்ப்பெயர் மட்டும் மாறும். ஒருநாள் பொறுமையிழந்து, தொடர்புப் பட்டியலில் இல்லாத எண்கள் எதுவும் ஒலிக்காதபடி செல்பேசியில் அமைத்துவிட்டேன். இரண்டு வாரம் நிம்மதி.

பிறகு ஒரு மழைநாள். முடிச்சூர்ப் பக்கம் தண்ணீர் தேங்கியதால் ஆட்டோ வராது, தான் வரும்வரை மகளைப் பள்ளியிலேயே வைத்திருங்கள் என்று சொல்ல ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா என்னை அழைத்திருக்கிறார். அவர் செல்பேசியில் சார்ஜ் இல்லை. பக்கத்துக் கடைக்காரரின் எண்ணிலிருந்து மூன்று முறை. எனக்கு ஒலிக்கவே இல்லை. அந்தப் பிள்ளை பூட்டிய கேட்டருகே குடையோடு மாலை ஐந்தே முக்கால் வரை நின்றிருக்கிறாள்.

விதி வைத்தது தவறில்லை. தவறான விதியை வைத்ததுதான் தவறு. வடிகட்ட வேண்டியது விளம்பரத்தை. நான் வடிகட்டியது அறிமுகமில்லாதவர்களை. நம் மாணவர்களின் பெற்றோர் பலர் அடிக்கடி எண் மாற்றுபவர்கள், இரவல் செல்பேசியில் பேசுபவர்கள்.

விளம்பரத்தைத் தடுக்கத் தனி வழி இருக்கிறது. இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், 2007-இல் தேசிய 'அழைக்காதே' பதிவேட்டைத் தொடங்கியது. அதில் எல்லாம் வேண்டாம் என்று மட்டுமே பதியலாம். 2010 விதிமுறைகளில், வகை வகையாகத் தேர்ந்தெடுக்கும் வசதி வந்தது. 2018 விதிமுறைகளில் வகைகள் எட்டு: வங்கி-காப்பீடு, மனை-வீடு, கல்வி, உடல்நலம், நுகர்பொருள்-வாகனம், தொலைத்தொடர்பு-பொழுதுபோக்கு, சுற்றுலா, உணவு. எந்த நாளில், எந்த நேரத்தில் வரலாம் என்றும் சொல்லலாம். உங்கள் எண்ணிலிருந்து 1909-ஐ அழைத்தாலே போதும், கட்டணமில்லை. டிராயின் டிஎன்டி செயலியிலும் பதியலாம். நான் மனையை மூடினேன், கல்வியைத் திறந்தே வைத்தேன். ஓடிபி, வங்கிப் பரிவர்த்தனைச் செய்தி, அரசுத் தகவல் ஆகியவை இதனால் நிற்பதில்லை. பலர் இந்தப் பயத்தில்தான் பதியாமல் இருக்கிறார்கள்.

ஒரு குறை உண்டு. முறையாகப் பதிவு செய்த நிறுவனங்களே இதற்குக் கட்டுப்படும். அவற்றின் விளம்பர அழைப்புகள் 140 என்று தொடங்கும் எண்களில் வரும். சாதாரணப் பத்திலக்க எண்ணிலிருந்து மனை விற்பவர் தப்பிவிடுவார். அவர்மீது ஏழு நாளுக்குள் அதே 1909-இல் புகார் தரலாம். நானும் தந்திருக்கிறேன், கொஞ்சம் குறைந்திருக்கிறது, நிற்கவில்லை.

வகுப்பு நேரத்துக்கு மட்டும் செல்பேசியில் 'தொந்தரவு செய்யாதே' அமைப்பை வைத்தேன். அதனுள் 'மீண்டும் அழைப்பவர்கள்' என்றொரு விதிவிலக்கு இருக்கிறது. ஆண்ட்ராய்டில் ஒரே எண் 15 நிமிடத்துக்குள் இரண்டாம் முறை அழைத்தால் மணி ஒலிக்கும். ஐபோனில் இது மூன்று நிமிடம். கடைக்காரரின் எண்ணும் இதில் வந்துவிடும்.

ஆனால் என் செல்பேசியின் விதி பெற்றோருக்குத் தெரிய வேண்டுமே! அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில், "அவசரம் என்றால் உடனே மறுபடியும் அழையுங்கள்" என்று சொன்னேன். அந்த மாணவியின் அம்மா மட்டும், முதல் மணியிலேயே நான் எடுத்துவிட்டாலும், "சார், ரெண்டாவது தடவை கூப்பிடணும்னீங்களே" என்று கேட்டுவிட்டுத்தான் பேசத் தொடங்குகிறார்.