மகளை நர்சிங் சேர்க்கப் போறீங்களா? பணம் கட்டும் முன் ஒரு கேள்வி



மே மாதம் வந்தால் போதும், குழுக் கூட்டத்தில் சேமிப்பு, தவணை எல்லாம் எழுதி முடித்த பிறகு ஒரு பேச்சு கட்டாயம் வரும். "பொண்ணு பிளஸ் டூ முடிச்சிட்டா, அடுத்து என்ன படிக்க வைக்கலாம்?" பாதிப் பேர் சொல்லும் பதில் நர்சிங்தான். அதில் ஒன்றும் தப்பில்லை. கௌரவமான வேலை, எந்த ஊருக்குப் போனாலும் தேவைப்படுகிற வேலை. ஆனால் நர்சிங் என்கிற ஒரே பெயரை வைத்துக்கொண்டு பலவிதமான படிப்புகள் நம் ஊர்ப் பக்கம் நடக்கின்றன. எல்லாமே நர்ஸ் ஆக்கும் படிப்பு கிடையாது. அதைத் தெரிந்துகொள்ளாமல் பணம் கட்டிவிட்டுப் பின்னால் கண்ணைக் கசக்கும் தாய்மார்களைப் பார்க்கிறோம். அதனால்தான் இந்த இதழில் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

கேட்க வேண்டிய கேள்வி

"இதை முடித்தால் என் மகள் பெயரை நர்சிங் கவுன்சிலில் பதிய முடியுமா?" இதுதான் அந்தக் கேள்வி.

சென்னையில் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் கவுன்சில் இருக்கிறது. 1926-ஆம் ஆண்டு வந்த சட்டத்தின்படி ஏற்பட்டது. படிப்பு முடித்தவர்கள் இங்கே பெயரைப் பதிந்து நம்பர் வாங்கினால்தான் முறைப்படி நர்ஸ். லைசென்ஸ் இல்லாமல் பஸ் ஓட்ட முடியுமா? அதே மாதிரிதான் இதுவும். அரசு வேலைக்கு மனு போட, பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸாகச் சேர, வெளிநாடு போக, எல்லாவற்றுக்கும் முதலில் கேட்பது இந்தப் பதிவைத்தான்.

நம் குழு உறுப்பினர் ஒருவரின் மகள் டவுனில் ஒரு மாடிக் கட்டடத்தில் நடந்த இடத்தில் சேர்ந்தாள். நர்சிங் உதவியாளர் படிப்பு, 1 வருடம், வெள்ளை யூனிஃபார்ம், கடைசியில் ஒரு சான்றிதழ். "கவர்மென்ட் வேலை கேரண்டி" என்று நோட்டீஸ் வேறு. சான்றிதழோடு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, "கவுன்சில் நம்பர் இருக்காம்மா?" என்று கேட்டார்கள். இல்லை. உதவியாள் வேலை கொடுத்தார்கள், சம்பளமும் அதற்கேற்றதுதான். இரண்டு வருடம் கழித்து அந்தப் பெண் ஜி.என்.எம். படிப்பில் முதலிலிருந்து தொடங்கினாள். முன்னால் படித்த ஒரு வருடத்தைக் கணக்கிலேயே எடுக்கவில்லை.

உதவியாளர் வேலை மட்டமான வேலை என்று நாம் சொல்லவில்லை. உதவியாளர் ஆக வேண்டும் என்று தெரிந்தே படித்தால் சரி. நர்ஸ் ஆகலாம் என்று நம்பிப் படிப்பதுதான் ஏமாற்றம்.

நோட்டீஸில் "அரசு அங்கீகாரம் பெற்றது" என்று போட்டிருப்பதை நம்ப வேண்டாம். எந்த அரசு, எந்த அலுவலகம், எந்தப் படிப்புக்கு அங்கீகாரம் என்று கேளுங்கள். சங்கம் பதிவு செய்த சான்றை ஃபிரேம் போட்டு மாட்டி வைத்து அங்கீகாரம் என்று காட்டுகிறவர்களும் உண்டு. கவுன்சிலின் இணையதளத்தில் அங்கீகாரம் உள்ள பள்ளி, கல்லூரிப் பட்டியல் இருக்கும். பி.எஸ்சி. என்றால் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பட்டியலையும் பார்க்கணும். இ-சேவை மையத்திலோ, படித்த பிள்ளைங்க போனிலோ பத்து நிமிஷத்தில் பார்த்துவிடலாம்.

மூன்று வழிகள்

பதிவு கிடைக்கும் படிப்புகள் முக்கியமாக மூன்று.

முதலாவது ஏ.என்.எம்., 2 வருடம், பெண்களுக்கு மட்டும். துணை சுகாதார நிலையத்தில் நம் கர்ப்பிணிகளுக்கு அட்டை போட்டு, பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடுகிறாரே, அந்த கிராம சுகாதார செவிலியர் வேலைக்கான படிப்பு. பிளஸ் டூவில் கலைப் பிரிவு எடுத்தவர்களும் சேரலாம்.

இரண்டாவது ஜி.என்.எம்., டிப்ளமோ நர்சிங் என்பார்கள், 3 வருடம். பிளஸ் டூவில் ஆங்கிலத்தில் பாஸ், மொத்தத்தில் 40 சதவீதம் வேண்டும் என்பது அகில இந்திய விதி. அறிவியல் படித்தவர்களுக்கு முன்னுரிமை. அரசு நர்சிங் பள்ளியில் சேர அந்தந்த வருட விளக்கக் குறிப்பேட்டில் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளணும்.

மூன்றாவது பி.எஸ்சி. நர்சிங், 4 வருடம். இதற்கு பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் கட்டாயம். உயிரியலுக்குப் பதில் தாவரவியல், விலங்கியல் என்று இரண்டாகப் படித்திருந்தாலும் சரி. அந்த ஆண்டு டிசம்பர் 31-க்குள் 17 வயது நிறைந்திருக்கணும்.

"பி.எஸ்சி. கிடைக்கலைன்னா எல்லாம் போச்சு" என்று நினைக்க வேண்டாம். அரசு மருத்துவமனை நர்ஸ் வேலைக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் ஆள் எடுக்கும்போது ஜி.என்.எம். படித்தவரும் பி.எஸ்சி. படித்தவரும் ஒரே வேலைக்குத்தான் போட்டி போடுகிறார்கள். ஜி.என்.எம். முடித்து, பிறகு 2 வருடம் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படித்துப் பட்டமும் வாங்கலாம். கையில் பணம் குறைவு, சீக்கிரம் சம்பாதிக்கணும் என்கிற வீட்டுக்கு, நிறையப் பணம் வாங்கும் தனியார் பி.எஸ்சி.யை விட அரசு ஜி.என்.எம். நல்லது என்பது எங்கள் கருத்து.

பத்தாவது படிக்கிற பெண் வீட்டில் இருந்தால் இப்போதே யோசிக்கணும். பிளஸ் ஒன்னில் எடுக்கும் குரூப்தான் பிளஸ் டூ முடித்த பிறகு கதவைத் திறக்கும் அல்லது மூடும். தொழிற்கல்விப் பிரிவில் நர்சிங் என்று ஒரு குரூப் பல அரசுப் பள்ளிகளில் இருக்கிறது. பெயரைப் பார்த்து, இதுதான் நேர்வழி என்று சேர்த்துவிடுகிறார்கள். அதில் இயற்பியல், வேதியியல் இல்லாவிட்டால் பி.எஸ்சி. நர்சிங்குக்குப் போக முடியாது. தலைமையாசிரியரிடம் இதை நேராகவே கேட்டுவிடுங்கள்.

விண்ணப்பம், புரோக்கர், நீட்

தமிழ்நாட்டில் 2025 வரை பி.எஸ்சி. நர்சிங் அரசு இடங்களுக்குக் கலந்தாய்வு நடந்தது பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான், நீட் கேட்கவில்லை. ராணுவ நர்சிங் கல்லூரிகளுக்கு நீட் மார்க் கேட்கிறார்கள். விண்ணப்பத்தை வாங்குவது சென்னை கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் மருத்துவக் கல்வித் தேர்வுக் குழு. ஆன்லைனில் போடணும். தனியார் கல்லூரிகளில் உள்ள அரசு ஒதுக்கீட்டு இடங்களும் இதே கலந்தாய்வில் வரும். அது பல பேருக்குத் தெரிவதில்லை. தனியாரில் நேரே போய் நிர்வாக இடத்தில் சேர்த்துவிட்டு, "கவர்மென்ட் சீட்டுக்குப் போட்டிருக்கலாமே" என்று பிறகு வருந்துகிறார்கள். நாம் சொல்வது, முதலில் கலந்தாய்வுக்கு விண்ணப்பம் போடுங்கள், மற்றதைப் பிறகு பார்க்கலாம்.

ரிசல்ட் வந்த மறுநாளே வீடு தேடி வருகிறவர்கள் யார் என்று உங்களுக்கே தெரியும். பக்கத்து மாநிலத்தில் சீட் வாங்கித் தருகிறோம், அட்வான்ஸ் கொடுங்கள் என்பார்கள். வெளி மாநிலத்தில் படித்தால் முதலில் அந்த மாநிலக் கவுன்சிலில் பதிந்து, பிறகு இங்கே பதியணும். அந்தக் கல்லூரிச் சான்று இங்கே செல்லுமா என்று நம் கவுன்சிலில் கேட்டுவிட்டுப் போங்கள். புரோக்கர் கையில் பணம் கொடுத்தால் ரசீது வராது. ரசீது இல்லாத பணம் திரும்பி வந்து நாங்கள் பார்த்ததில்லை.

எந்தக் கடன் எதற்கு?

மகள் படிப்புக்கு என்று குழுவில் பெரிய உள்கடன் கேட்டு வருகிறார்கள். குழுக் கடனுக்கு அடுத்த மாதமே தவணை தொடங்கிவிடும். நர்சிங் முடித்து அவள் சம்பாதிக்க 3, 4 வருடம் ஆகும். அதுவரை யார் கட்டுவது? பெரிய தொகைக்கு வங்கியின் கல்விக் கடன்தான் பொருத்தம். படிப்புக் காலமும் அதற்குப் பிறகு 1 வருடமும் தவணை கட்ட வேண்டியதில்லை. வட்டி மட்டும் ஏறிக்கொண்டிருக்கும், அதை முடிந்தபோது கட்டிவந்தால் சுமை குறையும். 4 லட்சம் ரூபாய் வரை சொத்து ஜாமீன் கேட்கக் கூடாது. வித்யாலக்ஷ்மி இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம்.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. அங்கீகாரம் இல்லாத படிப்புக்கு வங்கி கல்விக் கடன் கொடுக்காது. மேனேஜர் மறுத்தால் கோபப்படாமல் காரணத்தைக் கேளுங்கள்.

குழுக் கடனை விண்ணப்பக் கட்டணம், சென்னைக்குப் பஸ் செலவு, புத்தகம், யூனிஃபார்ம் மாதிரி சில ஆயிரங்களுக்கு வைத்துக்கொள்ளலாம். எஸ்.சி., எஸ்.டி. குடும்பத்தில் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. 6-ஆம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று 2022 செப்டம்பரில் புதுமைப் பெண் திட்டம் தொடங்கினார்கள். இதெல்லாம் கல்லூரி வழியாகத்தான் பதிய முடியும். சேர்ந்த வாரமே ஆபீஸில் கேட்கச் சொல்லுங்கள்.

சேர்ந்த பிறகு முதல் வருடம்

சீட் கிடைத்ததும் கவலை தீர்ந்தது என்று நினைக்கிறோம். நம் பிள்ளைங்க தடுமாறுவது அங்கேதான். தமிழ் வழியில் படித்துவிட்டுப் போன பெண்ணுக்கு முதல் செமஸ்டரிலேயே உடற்கூறு, உடலியங்கியல், உளவியல், சமூகவியல், நர்சிங் அடிப்படை, எல்லாம் ஆங்கிலத்தில் வரும். இரண்டாவதில் உயிர்வேதியியலும் சத்துணவும். பரீட்சை முடிந்து கல்லூரி திறக்கும் வரை மாதக்கணக்கில் வீட்டில் இருக்கிறாள் அல்லவா? அந்த நேரத்தில் பிளஸ் ஒன் விலங்கியல் புத்தகத்தை ஆங்கில வழியில் வாங்கிக் கொடுங்கள். ஜீரணம், மூச்சு, ரத்த ஓட்டம், கழிவு நீக்கம் எல்லாம் அதில் பாடமாக இருக்கிறது. தமிழில் ஏற்கெனவே தெரிந்த விஷயம்தான். பெயர்களை ஆங்கிலத்தில் பழகிக்கொண்டால் பாதி பயம் போய்விடும்.

2021-ல் வந்த புதிய பாடத்திட்டப்படி பி.எஸ்சி. நர்சிங்கில் 8 செமஸ்டர். அரியர் இருந்தாலும் அடுத்த வகுப்புக்குப் போகலாம். ஆனால் முந்தைய பாடம் எல்லாம் தேறினால்தான் 5-ஆவது செமஸ்டர் பரீட்சை எழுத விடுவார்கள். 7-ஆவதுக்கும் அப்படியே. முதல் வருட உடற்கூறில் விழுந்த அரியரை "அப்புறம் எழுதிக்கலாம்" என்று விட்டால் மூன்றாம் வருடத்தில் வந்து வழியை மறிக்கும். போனில் "சாப்பிட்டியா?" என்று கேட்கிறோமே, அதோடு "அரியர் இருக்கா? எப்போ எழுதப் போறே?" என்றும் கேளுங்கள். திட்டக் கேட்காதீர்கள், திட்டினால் அடுத்த முறை மறைப்பாள். வகுப்புக்குப் பொறுப்பான ஆசிரியை பெயரையும் நம்பரையும் சேரும் அன்றே வாங்கி வையுங்கள்.

வருகைப்பதிவு இன்னொரு விஷயம். வகுப்பில் 80 சதவீதம் வேண்டும். ஆஸ்பத்திரிப் பயிற்சியோ 100 சதவீதம். விட்ட நாட்களைத் திரும்பச் செய்து முடித்தால்தான் பட்டம். கோயில் கொடை, காதுகுத்து, சித்தப்பா வீட்டுச் சடங்கு என்று நாம் கூப்பிடும் ஒவ்வொரு நாளும் அவள் கணக்கில் விழுகிறது. நைட் டியூட்டியும் பயிற்சியில் சேர்ந்ததுதான். சேர்க்கும் முன்பே வீட்டுப் பெரியவர்களிடம் இதைப் பேசி முடித்துவிடுங்கள், நடுவில் சண்டை வேண்டாம்.

இந்த மாதமே எடுக்க வேண்டியவை: சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, வருமானச் சான்று, வீட்டில் முதலில் பட்டம் படிக்கப் போவது அவள்தான் என்றால் முதல் பட்டதாரிச் சான்று. ஆதாரிலும் மார்க்ஷீட்டிலும் பெயர், இனிஷியல் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். பள்ளியில் டி.சி., மதிப்பெண் பட்டியல் வாங்கியதும் ஐந்து செட் ஜெராக்ஸ் எடுத்து ஒன்றை வீட்டுப் பெட்டியில் பூட்டி வையுங்கள். கல்லூரியில் ஒரிஜினல் கேட்டால், என்னென்ன கொடுத்தோம் என்று எழுதி, கையெழுத்தும் சீலும் வாங்கிக்கொண்டு கொடுங்கள்.