ஒளியும் கல்சியமும்

நண்பகல் வெயிலிலிருந்து இருண்ட அறையொன்றினுள் நுழைபவருக்கு முதலில் ஒன்றுமே தெரிவதில்லை. சிறிது நேரம் சென்ற பின்னரே பொருள்கள் புலப்படத் தொடங்குகின்றன. ஒளியின் அளவிற்கேற்ப உணர்திறனைக் கூட்டிக் குறைக்கும் இவ்வாற்றல் மனிதருக்கு மட்டும் உரியதன்று. முள்ளந்தண்டற்ற உயிர்களின் கண்களுக்கும் உண்டு. அக்கண்களில் இதனை நடத்தி வைப்பது எது? எலும்புக்கு உறுதி தரும் பொருளென யாவரும் அறிந்த கல்சியமே அது.

இவ்வுண்மையை விளக்கத் துணைநின்ற பிராணி, வட அமெரிக்காவின் அத்திலாந்திக் கரையோரத்தில் வாழும் குதிரைலாட நண்டாகும். பெயரில் நண்டாயினும், இது சிலந்திக்கும் தேளுக்குமே நெருங்கிய இனம். இதன் கண்ணை நெடுங்காலம் ஆராய்ந்த ஹார்ட்லைன் என்பார் 1967ஆம் ஆண்டில் நோபெல் பரிசினைப் பகிர்ந்து பெற்றார். இப்பிராணியின் உடலின் அடிப்புறத்திலும் ஒளியுணர் கலங்கள் உள்ளன. அவை பெரியனவாதலால், நுண்ணிய கண்ணாடிக் குழாயை அவற்றினுள் செலுத்தி ஆராய்தல் இயலும்.

1972ஆம் ஆண்டில் லிஸ்மன், பிரௌண் ஆகிய இருவரும் இக்கலத்தினுள் கல்சியத்தைச் செலுத்தினர். உடனே அதன் ஒளியுணர்திறன் குன்றியது. ஆயின், ஒளி பட்டால் கல்சியம் தானாகவே பெருகுமா? 1974இல் பிரௌணும் பிளிங்ஸும் இதற்கு விடை கண்டனர். கல்சியத்தோடு சேர்ந்தால் நீலநிறமாக ஒளிரும் ஈகுவோரின் என்னும் இழுதுமீன் புரதத்தை அவர்கள் கலத்தினுள் இட்டனர். ஒளி பட்டதும் அப்புரதம் ஒளிர்ந்தது. கல்சியம் பெருகியமை ஐயமற விளங்கிற்று.

இருளில் இக்கலத்தினுள் கட்டற்று உலவும் கல்சியம், புறத்தேயுள்ள கடல்நீரின் கல்சியத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கிற்கும் குறைவு. ஒளி கலத்தின் நிறப்பொருளைத் தாக்கியதும், தொடர்ச்சியான இரசாயன மாற்றங்களினால் உட்களஞ்சியங்களில் அடைபட்டிருந்த கல்சியம் விடுபடுகின்றது. அது மென்சவ்வின் வாயில்கள் திறக்கத் துணைபுரிய, மின்குறி பிறக்கின்றது. பின்னர் அதே கல்சியம் கலத்தின் உணர்திறனைத் தணிக்கின்றது. கதவைத் திறந்துவிட்ட காவலனே, கூட்டம் மிகுந்ததும் அதனை ஒருக்களித்து வைப்பது போன்றது இது. இத்தணிப்பு இல்லையெனில், இரவின் மங்கலொளிக்கு இசைந்த கண் பகலொளியில் பயன்படாது போகும்.

தன் பணி முடிந்ததும் கல்சியம் அகற்றப்படுதலும் இன்றியமையாதது. பழ ஈயின் கண்ணில், பெரும்பாலான கல்சியம் வெளியிலிருந்தே உட்புகுகின்றது. அதனை வெளியேற்றும் புரதம் பழுதுபட்ட ஈக்களில், பார்வைக்குக் காரணமான ஒளியே ஒளியுணர் கலங்களை அழித்துவிடுகின்றது.

மனிதக் கண்ணிலோ இம்முறை நேர்மாறானது. அங்கே ஒளி பட்டதும் கல்சியம் குறைகின்றது. வழிகள் வேறாயினும் பயன் ஒன்றே: மங்கலொளியையும் பேரொளியையும் ஒரே கண் தாங்கிக் காண்கின்றது.