கடல் மீன் தொட்டி: முதலில் தண்ணீரைத் தயார் செய்யுங்கள், பிறகு மீனை வாங்குங்கள்!

நன்னீர் வண்ண மீன்களை வளர்த்துப் பழகியவர்களுக்கு அடுத்து வரும் ஆசை கடல் மீன் தொட்டி. ஆரஞ்சு உடலில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன், பாறை இடுக்கில் நுழைந்து வெளியே வருவதைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். ஆனால், தொட்டி வாங்கிய அன்றே உப்பைக் கரைத்து, மறுநாளே மீனை விட்டு, ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் இழந்தவர்கள் பலர். 'கடல் மீன் நமக்குச் சரிப்படாது' என்று தொட்டியை மொட்டை மாடிக்கு ஏற்றிவிடுகிறார்கள்.

புதுத் தொட்டியில் மீன் சாவதற்குப் பெரும்பாலும் நோய் காரணமல்ல, அவசரம்தான் காரணம். மண்ணில் நுண்ணுயிர் பெருகினால்தான் பயிர் செழிக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். தொட்டியிலும் அதே கணக்குதான். எப்படித் தொடங்குவது என்று வரிசையாகப் பார்ப்போம்.

தொட்டியும் இடமும்

சின்னத் தொட்டி என்றால் பராமரிப்பு எளிது என்று நினைக்காதீர்கள். தண்ணீர் குறைவாக இருந்தால் வெப்பமும் உப்பின் அளவும் சட்டென்று மாறிவிடும். முதல்முறை அமைப்பவர்களுக்கு 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள தொட்டி ஏற்றது. இதன் கொள்ளளவு சுமார் 190 லிட்டர். கண்ணாடி, பாறை, மணல் எல்லாம் சேர்ந்தால் எடை 250 கிலோவைத் தாண்டிவிடும். அதனால் உறுதியான இரும்பு அல்லது மரத் தாங்கி வேண்டும். நேரடி வெயில் படும் ஜன்னல் ஓரம் வேண்டாம். வெயிலில் தண்ணீர் சூடாவதோடு பாசியும் பிடிக்கும்.

தண்ணீரைச் சுழற்ற 2 வேவ் மேக்கர் மோட்டார்கள், கழிவைப் பிரித்து எடுக்கும் புரோட்டீன் ஸ்கிம்மர், வெப்பமானி, உப்பின் அளவைப் பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டர், அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் பரிசோதனைப் பெட்டிகள் ஆகியவை அவசியம். நம் ஊர் சமவெளிப் பகுதிகளில் ஹீட்டர் பெரும்பாலும் தேவைப்படாது.

தண்ணீரும் உப்பும்

ஆழ்துளைக் கிணற்று நீரில் சுண்ணாம்பு, நைட்ரேட், உலோகங்கள் கலந்திருக்கலாம். குழாய் நீரில் குளோரின் இருக்கும். குடிநீருக்கான ஆர்.ஓ. கருவியில் வரும் தண்ணீரிலும் கொஞ்சம் உப்பு மிச்சமிருக்கும். டி.டி.எஸ். மீட்டரில் பூஜ்ஜியத்தை ஒட்டிக் காட்டும் தண்ணீர்தான் வேண்டும். ஆர்.ஓ.வுடன் டி.ஐ. வடிகட்டியும் சேர்த்தால் இது கிடைக்கும்.

சமையல் உப்பு, கல் உப்பு இரண்டுமே உதவாது. அவற்றில் இருப்பது பெரும்பாலும் சோடியம் குளோரைடு மட்டுமே. கடல் நீரில் மெக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் என்று பலவும் உண்டு. அதற்கென்று விற்கும் கடல் உப்புக் கலவையைத்தான் வாங்க வேண்டும். 100 லிட்டருக்கு ஏறக்குறைய 3.5 முதல் 4 கிலோ தேவைப்படும். ஒரு டிரம்மில் போட்டு, மோட்டாரை ஓடவிட்டு, ஒரு நாள் கலக்குங்கள். ரிஃப்ராக்டோமீட்டரில் அடர்த்தி எண் 1.025 வர வேண்டும். அதாவது லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு. பி.எச். 8.0 முதல் 8.4 வரை இருக்க வேண்டும்.

'கடற்கரைதான் பக்கத்தில் இருக்கிறதே, அங்கேயே எடுக்கலாமே' என்று கேட்கலாம். கரையோர நீரில் சாக்கடையும் சேறும் கலக்கின்றன; மழைக்குப் பிறகு உப்பும் குறைந்துவிடும். தொடக்கத்தில் அந்த வேலை வேண்டாம்.

பாறையைக் கடலில் இருந்து எடுக்காதீர்கள்

பலரும் தெரியாமல் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். கடற்கரையில் ஒதுங்கிய பவளத் துண்டை எடுத்துவந்து தொட்டியில் வைப்பதும், ரகசியமாக விற்பவரிடம் உயிருள்ள பவளம் வாங்குவதும் சட்டப்படி குற்றம். பாறை கட்டும் பவளங்கள், 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-ம் ஆண்டு சேர்க்கப்பட்டன. இந்த அட்டவணையில் உள்ள உயிரினம் தொடர்பான குற்றத்துக்கு 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை உண்டு. கடல் குதிரை, கடல் அட்டை, ராட்சதச் சிப்பி ஆகியவையும் சட்டப் பாதுகாப்பு பெற்றவைதான்.

இந்தச் சட்டத்தின் தேவையை மன்னார் வளைகுடா காட்டுகிறது. அங்கே சுண்ணாம்புக்காகவும் கட்டட வேலைக்காகவும் பல ஆண்டுகள் பவளப்பாறைகளை வெட்டி எடுத்தார்கள். அலையைத் தடுத்து நின்ற பாறை போனதும் கரை அரித்தது. தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி ஆகிய இரண்டும் இன்று கடலுக்குள் மூழ்கிவிட்டன.

பவளம் இல்லாமலேயே அழகான பாறைத் தொட்டி அமைக்கலாம். மீன் தொட்டிக்கென்று செய்யப்பட்ட செயற்கைப் பாறை அல்லது பீங்கான் பாறை 15 கிலோ அளவுக்கு வாங்கி, குகைபோல அடுக்குங்கள். நுண்துளைகள் நிறைந்த இந்தப் பாறைதான் நன்மை செய்யும் பாக்டீரியாக்களுக்கு வீடு. பாறையைத் தொட்டியின் அடிக் கண்ணாடியில் உறுதியாக நிறுத்திய பிறகே மணலைக் கொட்டுங்கள். மணல்மேல் பாறையை வைத்தால் பிறகு சரிந்துவிடும்.

4 முதல் 6 வாரங்கள் காத்திருங்கள்

வயலில் யூரியா போட்டால் மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் அதை அம்மோனியமாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அதே வேலைதான் தொட்டியிலும் நடக்க வேண்டும். மீனின் கழிவிலும் மிஞ்சிய தீவனத்திலும் இருந்து அம்மோனியா வருகிறது. அதை ஒருவகை பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை, நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் மீனுக்கு நஞ்சு. கடல் நீரின் பி.எச். அதிகம் என்பதால் அம்மோனியாவின் நச்சுத்தன்மை கூடுதலாகவே இருக்கும். நைட்ரேட் குறைந்த அளவில் ஆபத்தில்லை.

இந்தப் பாக்டீரியாக்களைப் பெருக்க, ஒரு உரித்த இறாலைச் சின்ன வலைப்பையில் கட்டித் தண்ணீரில் போடுங்கள். சில நாள்களில் அது அழுகி அம்மோனியா ஏறும். பரிசோதனையில் 2 பி.பி.எம். வந்ததும் பையை எடுத்துவிடலாம். 2 நாளுக்கு ஒருமுறை சோதித்து, நோட்டில் எழுதி வையுங்கள். முதலில் அம்மோனியா ஏறி இறங்கும்; அடுத்து நைட்ரைட் ஏறி இறங்கும்; கடைசியில் நைட்ரேட் மட்டும் நிற்கும். இதற்கு 4 முதல் 6 வாரங்கள் ஆகும். நடுவில் பாறையும் மணலும் பழுப்பாக மாறினால் பயப்பட வேண்டாம். அந்தப் பாசி தானாகவே போய்விடும்.

ஒரு சிட்டிகைத் தீவனம் போட்டு, மறுநாள் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியம் காட்டினால் தொட்டி தயார். அதுவரை ஒரு மீன்கூட வேண்டாம்.

எந்த மீன் வாங்கலாம்?

முதல் மீனாக, பொரிப்பகத்தில் பிறந்த கோமாளி மீன் ஒரு ஜோடி போதும். மண்டபத்தில் மையம் வைத்திருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம், கோமாளி மீன்களைக் குஞ்சு பொரித்து வளர்க்கும் தொழில்நுட்பத்தை உருவாக்கியிருக்கிறது. பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் இதில் பணியாற்றியிருக்கிறது. பொரிப்பகத்து மீன் தொட்டி வாழ்க்கைக்கும் தீவனத்துக்கும் பழகியிருக்கும். கடலில் பிடித்த மீன் அப்படியல்ல. வாங்கும்போது 'பொரிப்பகத்து மீனா, பிடித்த மீனா?' என்று கேளுங்கள். உங்கள் கண் முன்னால் தீவனம் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். சாப்பிடாத மீனை வாங்காதீர்கள்.

கோமாளி மீன்கள் முதலில் ஆணாகவே வளர்கின்றன. கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறும். அதனால் ஒன்று பெரியதாகவும் ஒன்று சிறியதாகவும் இரண்டு இளம் மீன்களை வாங்கினால் ஜோடி சேர்ந்துவிடும். கடல் சாமந்தி இல்லாமலும் இவை நன்றாக வாழும். படத்தில் பார்த்த நீல நிற டாங் மீன் பெரிதாக வளரக்கூடியது. 3 அடித் தொட்டியில் அதை விடுவது பாவம்.

புது மீனைத் தனித்தொட்டியில் 3, 4 வாரங்கள் வைத்துக் கவனியுங்கள். வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் அங்கேயே மருத்துவம் செய்யலாம். தாமிரம் கலந்த மருந்தைப் பெரிய தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள். நத்தையும் நண்டும் செத்துவிடும்.

வெயிலும் மின்தடையும்

தண்ணீர் 25 முதல் 28 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். தண்ணீரின் மேற்பரப்பில் காற்று படும்படி சின்ன மின்விசிறி வைத்தால் 2, 3 டிகிரி குறையும். சித்திரை வெயிலுக்கு அது போதாத ஊர்களில் சில்லர் வேண்டும். செலவில் பெரியது இதுதான். மின் கட்டணமும் கூடும். இதற்கு வழியில்லை என்றால் தொட்டியைத் தள்ளிப்போடுவதே நல்லது.

சூடான நீரில் பிராணவாயு குறைவாகத்தான் கரையும். மின்சாரம் போய்ச் சுழற்சி நின்றால் சில மணி நேரத்தில் மீன்கள் மூச்சுத் திணறும். ஒரு வேவ் மேக்கரையாவது இன்வெர்ட்டரில் இணைத்து வையுங்கள். பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் ஒன்றும் கையில் இருக்கட்டும்.

பராமரிப்பு

* தினமும் ஆவியாகிக் குறையும் அளவுக்கு உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள். ஆவியாவது தண்ணீர்தான், உப்பு அப்படியே இருக்கும். உப்பு நீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் உப்பு ஏறி மீன் செத்துவிடும்.
* ஒரு நாளைக்கு இருவேளை, 2 நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு தீவனம் போதும்.
* வாரம் ஒருமுறை பத்தில் ஒரு பங்கு தண்ணீரை எடுத்துவிட்டு, முன்தினமே கலக்கிய புது உப்பு நீரை ஊற்றுங்கள்.
* ஒரே நேரத்தில் மணலையும் பாறையையும் கழுவிச் சுத்தம் செய்யாதீர்கள். இத்தனை வாரம் வளர்த்த பாக்டீரியா போய்விடும்.
* புது மீன் சேர்க்கும்போது ஒவ்வொரு முறையும் சில வார இடைவெளி விடுங்கள்.

நன்றாகப் பார்த்துக்கொண்டால் கோமாளி மீன் 10 ஆண்டுகளுக்கு மேலும் வாழும். அவ்வளவு காலம் நம் வீட்டில் இருக்கப்போகும் உயிருக்கு, தொடக்கத்தில் ஆறு வாரம் காத்திருப்பது பெரிய விஷயமில்லை. தொட்டி வாங்கப் போகும்போது மீனுக்கான பணத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்!