மலைமேல் ஒரு குசினி

"எனக்குச் சமைக்க மட்டுந்தானே தெரியும், வேறென்ன தெரியும்?"

கிராமங்களில் பெண்களைச் சந்திக்கும்போது என் காதில் அடிக்கடி விழும் வார்த்தைகள் இவை. கணவனை இழந்தவர்களும், காணாமற்போனவர்களுக்காகக் காத்திருப்பவர்களும் இதைச் சொல்வார்கள். சமைக்கத் தெரிந்ததைக் கொண்டே ஒரு மலைக்கு உலகத்தை வரவழைத்த பெண்ணொருத்தியின் கதையை இம்மாதம் உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

அவர் பெயர் இயூஜெனி பிரேசியே. 1895ஆம் ஆண்டு பிரான்ஸ் நாட்டில் ஓர் ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே பன்றி மேய்த்தார். தோட்ட வேலை இல்லாத குளிர்காலத்தில் மட்டுமே பள்ளிக்கூடம் போனார். பத்து வயதில் தாயை இழந்தார். 1914இல், முதலாம் உலகப் போர் தொடங்கிய ஆண்டில், திருமணமாகாமலே ஒரு மகனுக்குத் தாயானார். தந்தை அவரை வீட்டை விட்டுத் துரத்தினார்.

பத்தொன்பது வயதுப் பெண் கைக்குழந்தையுடன் எங்கே போவது? லியோன் நகரில் ஒரு வசதியான வீட்டில் வேலைக்குச் சேர்ந்தார். மகனை வேறொருவரின் பராமரிப்பில் விட வேண்டியிருந்தது. பிள்ளையை உறவினரிடம் விட்டுவிட்டு வெளிநாட்டுக்கும் ஆடைத் தொழிற்சாலைக்கும் போன எம் சகோதரிகளுக்கு அந்த வேதனையை நான் விளக்கத் தேவையில்லை.

லியோனில் ஒரு வழக்கம் இருந்தது. பணக்கார வீடுகளில் சமையல் செய்த பெண்கள் பின்னர் சொந்தமாகச் சாப்பாட்டுக் கடை திறப்பார்கள். மக்கள் அவர்களை 'மேர்', அதாவது 'அம்மா' என்றே அழைத்தனர். பெண்களே வேலை செய்த அத்தகைய ஒரு கடையில் இயூஜெனி தொழில் பழகினார். 1921இல், 12,000 பிராங்க் முதலுடன், சிறிய பலசரக்குக் கடையொன்றை வாங்கித் தன் உணவகமாக மாற்றினார்.

கடை பெருகியது; உடல் களைத்தது. 1920களின் இறுதியில் ஓய்வு தேடி, நகருக்கு மேற்கேயுள்ள லுயேர் கணவாய்க்குப் போனார். கடல் மட்டத்திலிருந்து 700 மீற்றருக்கு மேற்பட்ட, காடு சூழ்ந்த இடம். அங்கிருந்த மரவீட்டில் மின்சாரமும் இல்லை, எரிவாயுவும் இல்லை. ஆனால் ஓய்வெடுக்கப் போனவர் அங்கேயும் அடுப்பு மூட்டினார்! பின்னாளில் நகரத்துக் கடையை மகன் கஸ்தோன் பார்த்துக்கொண்டார்.

மலையேறி வந்தவர்களுக்கு நீண்ட உணவுப் பட்டியல் எதுவும் இருக்கவில்லை. ஒரு சில உணவுகள்தாம்; அவையே நாள்தோறும். அவற்றுள் பெயர் பெற்றது ஒரு கோழி. அவர் பிறந்த பிரதேசத்துக் கோழியின் தோலுக்கடியில், மண்ணுக்குள் விளையும் கறுப்புக் காளானை மெல்லிய துண்டுகளாகச் செருகி அவிப்பார்கள். வெள்ளைத் தோலினூடாகக் கறுப்புத் தெரியும். அதன் பெயர் 'அரைத் துக்கக் கோழி'. ஐரோப்பாவில் கணவனை இழந்த பெண்கள் முதலில் முழுக் கறுப்பு உடுத்து, காலம் சென்றபின் கறுப்புடன் வெள்ளையும் கலந்து உடுத்துவர். அதிலிருந்து வந்த பெயர் இது. உடையின் நிறத்தால் பெண்ணின் துக்கத்தை அளப்பது எமது ஊரில் மட்டுமல்ல என்பதை இது காட்டுகின்றது.

1933இல், உணவகங்களைத் தரப்படுத்தும் மிஷெலின் கையேடு அவருடைய இரு உணவகங்களுக்கும் தலா மூன்று நட்சத்திரங்களை வழங்கியது. ஒரே நேரத்தில் ஆறு நட்சத்திரங்களை வைத்திருந்த முதல் ஆள் அவரே. ஆணோ பெண்ணோ, 1998 வரை வேறெவரும் அதை எட்டவில்லை. இரண்டாம் உலகப் போரில் ஜேர்மனியரின் ஆக்கிரமிப்புக் காலத்தில் உணவுக் கட்டுப்பாடுகளை மீறியதற்காகத் தண்டப்பணம் கட்டினார். ஒரு வாரம் சிறையிலும் இருந்தார். போர் முடிந்த பின், 1946இல், போல் போகூஸ் என்ற இளைஞர் மலைக்கு வேலை பழக வந்தார். பசுவில் பால் கறப்பது, தோட்டம் பார்ப்பது, துணி தோய்ப்பது எல்லாம் அவருடைய பாடத்தில் அடங்கின. பிற்காலத்தில் அவர் உலகப் புகழ்பெற்ற சமையற்கலைஞரானார்.

1968இல் பிரெஞ்சு அரசின் உயரிய விருது தேடி வந்தபோது இயூஜெனி மறுத்துவிட்டார். நன்றாகச் சமைப்பதைவிட முக்கியமான காரியங்களுக்கே அதைக் கொடுக்க வேண்டும் என்பது அவர் கருத்து. 1977இல் அவர் மறைந்தார். அவருக்குப் பின் பேத்தி நகரத்து உணவகத்தை நடத்தினார். இன்று அது வேறொருவர் கையில் இருந்தாலும் பெயர் மாறவில்லை.

அவர் விருதை மறுத்த காரணத்தை வாசித்தபோது எனக்கு உங்கள் நினைவுதான் வந்தது. ஆறு நட்சத்திரம் பெற்றவரின் வாயிலும் அதே "தானே"! இதில் நான் அவருடன் உடன்படவில்லை. எல்லோருக்கும் 12,000 பிராங்க் கிடைப்பதில்லை என்பதும், முதல் இல்லாத இடத்தில் உழைப்பு மட்டும் போதாது என்பதும் உண்மையே. ஆயினும் ஒன்றை நாம் இன்றே மாற்றலாம். அப்பத்தின் விலையைப் போடும்போது மா, தேங்காய், விறகு எல்லாவற்றையும் கணக்கில் எழுதுகின்றோம். எமது இரு கைகளின் கூலியை எழுதுவதில்லை. அடுத்த முறை அதையும் ஒரு வரியில் எழுதுங்கள், சகோதரிகளே.